பத்தொன்பதும் இருபத்தொன்றும்

அந்த ஆபீஸில் அவளுக்கு லைப்ரேரியன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆபீஸில் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. பதினெட்டு மேசைகள், ஜன்னலோரம் ஒரு காப்பி மெஷின், யாரும் தண்ணீர் ஊற்றாமலே எப்படியோ பிழைத்துக் கிடக்கும் ஒரு தொட்டிச்செடி, அவ்வளவுதான். ஆனால் பழைய போன்களில் புது ஆப் ஓடுவதற்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த நிரல் துண்டுகளை, தேடிப் பிடித்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் கோத்து வைப்பது அவள் வேலை. அதனால் லைப்ரேரியன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. மேனேஜரே மீட்டிங்கில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் அதுவே உத்தியோகப் பெயராக ஆகிவிட்டது.

அது வீடுகளுக்குக் கேர்டேக்கர் அனுப்பும் நிறுவனம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், கை கால் விழுந்தவர்கள், நினைவு தப்பியவர்கள் இருக்கிற வீடுகளுக்குக் காலையில் ஒரு ஆள் போய்ச் சாயங்காலம் திரும்பும். நாலாயிரத்துச் சொச்சம் பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு எல்லாமே அந்த ஆப்தான். நோயாளியின் வீட்டு வாசலில் நின்று 'வந்தாச்சு' என்ற பட்டனை அமுக்க வேண்டும். திரும்பும்போது 'கிளம்பியாச்சு'. தொடர்ந்து மூன்று நாள் 'வந்தாச்சு' அமுக்காத ஆளை, வேலையை விட்டுப் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரே கணக்கை மூடிவிடும். மனிதர் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இந்த ஆப்பைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். புது போனுக்குத் தெரிந்த பல சங்கதிகள் பழைய போனுக்குத் தெரியாது. அதற்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி நடத்திக்கொடுக்கும் லைப்ரரிகளை ஆப்புக்குள்ளேயே மூட்டை கட்டி அனுப்பினால்தான் பழைய போனில் அது திறக்கும். எவ்வளவு பழைய போன் வரைக்கும் என்பதற்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிற போன்களுக்குப் புது ஆப் போகவே போகாது. பத்தொன்பது என்று போட்டால் பத்து வருஷத்துக்கு முந்தைய போனுக்கும் போகும். இருபத்தொன்று என்று போட்டால் அந்தப் போன்கள் எல்லாம் வெளியே.

அவள் மூன்று வாரம் மல்லுக்கட்டிப் பத்தொன்பதில் ஓட வைத்திருந்தாள். ஒரு லைப்ரரியைச் சேர்த்தால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். அதைச் சமாதானம் செய்தால் திரையில் முந்நூறு வரிச் சிவப்பு எழுத்து ஓடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, கடைசியில் இரண்டு லைப்ரரிகளின் புதுப் பதிப்பைத் தள்ளிவிட்டு அதற்கு முந்தைய பதிப்பைப் பூட்டிவைத்ததும் எல்லாம் அடங்கியது.

டப்பாக்காரர் அந்த ஆப்பைத் தன் மேசைக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். ஆப் சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது அவர் உத்தியோகம். ஐம்பது வயது இருக்கும். கீறல் விழுந்த, மூலை உடைந்த, பேட்டரி உப்பிய பழைய போன்களாக ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருப்பார். எல்லாம் சொந்தக் காசில் வாங்கியவை. அவற்றில் ஏழு போன்களை எடுத்து வரிசையாக அடுக்கி, ஏழிலும் 'வந்தாச்சு' அமுக்கினார்.

"ஏழும் ஓடுதும்மா. மெதுவாத்தான் ஓடுது, ஆனா ஓடுது." வாயெல்லாம் பல்லாக அவளைப் பார்த்தார். "இந்த மாதிரி போன் இன்னும் அறுபத்து மூணு பேர் கையில இருக்கு. லிஸ்ட் எடுத்துப் பார்த்தேன். நீங்க புண்ணியம் கட்டிக்கிட்டீங்க."

அந்த அறுபத்து மூன்றில் ஒன்று யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய நாத்தனாருடையது. அந்தப் போனைக் கொடுத்ததே அவள்தான்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரனுக்கு மூத்தவள். அவனைவிடப் பதினாலு வயது பெரியவள். இவளைப் பெண் பார்க்க வந்தபோதே கூடத்தின் நடு நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் அவள்தான். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இவளை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இவளே' என்றுதான் கூப்பிடுவாள்.

கல்யாணமான முதல் வருஷம் இவளுக்கு நாலாம் மாதக் கர்ப்பம் கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துகொண்டிருந்த நாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் எல்லாருக்கும் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே, "வாங்கின சாமானே சரியில்ல. இனிமே திருப்பிக் கொடுக்கவும் முடியாது" என்றாள். கூடமே சிரித்தது. யாரோ ஒரு கிழவருக்குப் புரையேறிவிட்டது. கதவோரம் நின்ற இவள் வீட்டுக்காரனைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். இவள் பார்ப்பதைப் பார்த்ததும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான். அதற்குப் பிறகு குழந்தை தங்கவே இல்லை.

பிறகு நாத்தனாரின் காலம் இறங்கியது. புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். பிள்ளை கிடையாது. சேர்த்துவைத்தது எதுவும் மிஞ்சவில்லை. "உன் ஆபீஸ்ல ஏதாவது பார்த்துக் கொடேன், பாவம் அக்கா" என்று வீட்டுக்காரன் கெஞ்சினான். இவள் சிபாரிசு செய்தாள். வேலைக்குப் போன் வேண்டும் என்றபோது, அலமாரியின் அடித்தட்டில் கிடந்த தன்னுடைய பழைய போனைத் துடைத்து எடுத்து வந்து கொடுத்தாள். புதிதே வாங்கிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றவில்லை. கீறல் விழுந்த அந்தப் போனை நாத்தனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டபோது இவளுக்கு உள்ளே இதமாக இருந்தது. நாத்தனாருக்கு அப்போது ஐம்பத்தோரு வயது.

இப்போது இரண்டு வருஷமாகப் பக்கவாதத்தில் விழுந்த ஒரு கணக்கு டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் நாத்தனார். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்குத் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வருவாள்.

வெள்ளிக்கிழமை பத்தொன்பதில் ஆப் ஓடியதல்லவா, அந்த ஞாயிறும் வந்தாள். டீச்சர் வீட்டுப் பேரக்குழந்தை தவழ்கிற படத்தைப் போனில் காட்டினாள். வீட்டுக்காரன் பார்த்துவிட்டுச் சிரித்தான். இவளும் எட்டிப் பார்த்தாள். நாத்தனார் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அங்க நடந்தா கால்ல எதாவது இடறிக்கிட்டே இருக்கும். பந்து, செருப்பு, கிலுகிலுப்பை. இங்க வந்தா லாட்ஜ்ல ரூம் எடுத்த மாதிரி இருக்குடா தம்பி. வெச்சது வெச்ச இடத்துலயே இருக்கு."

வீட்டுக்காரன் குழம்பு கேட்டான். இவள் ஊற்றினாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மீட்டிங். மேனேஜருக்கு வேறு எங்கோ போகிற அவசரம். எழுந்து நின்றுகொண்டே பேசினார்.

"புதன்கிழமை புது ஆப் வெளியில போகணும். அன்னிக்கே பழசை மூடிடறோம். குறைந்தபட்ச எண் என்ன போடறோம்? பத்தொன்பதா, இருபத்தொண்ணா?"

"பத்தொன்பதுல ஓடுது சார்" என்றார் டப்பாக்காரர்.

"ஓடுது சரி. நாளைக்குக் கழுத்தை அறுக்காம இருக்குமா? லைப்ரேரியன், நீங்க சொல்லுங்க. உங்க இஷ்டம்தான்."

அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். அந்த எண் இருந்த வரியிலேயே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. முன்பே யோசித்துவைத்தாள் என்று சொன்னால் அது பொய். ஆனால் யோசிக்காமல் செய்தாள் என்று சொன்னால் அதுவும் பொய். அந்த ஒரு கணத்தில் எல்லாமே அவளுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஆப் திறக்காது. மூன்று நாளில் கணக்கு மூடும். மறுபடி சேரலாம் என்றால், புதிதாகச் சேருகிறவர்களுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அனுமதியில்லை என்று போன வருஷம் விதி வந்தது. பிறந்த தேதியைப் போட்டதும் 'மன்னிக்கவும்' என்று சொல்லி வெளியே அனுப்பும் அந்தப் பக்கத்தை எழுதியதே அவள்தான்.

"இருபத்தொண்ணே போட்டுடலாம் சார். பழைய பதிப்பைப் பூட்டி வெச்சு ஓட்டறது பாதுகாப்பில்ல."

"முடிஞ்சது" என்று மேனேஜர் கிளம்பினார்.

டப்பாக்காரர் அவள் மேசைக்குப் பின்னாலேயே வந்தார். "என்னம்மா, வெள்ளிக்கிழமை நல்லாத்தானே ஓடிச்சு? பூட்டின பதிப்புல என்ன பாதுகாப்பு இல்ல?"

"சில ஓட்டை இருக்குன்னு படிச்சேன் சார்."

"எந்த ஓட்டை? சொல்லுங்க, நான் ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கறேன்."

"மேனேஜரே சரின்னுட்டார். எனக்கு வேலை இருக்கு." அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவது காலடிச் சத்தத்தில் கேட்டது.

புதன்கிழமை காலை எட்டரைக்கு நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"இவளே, ஆப் திறக்க மாட்டேங்குது. புதுசு போடுன்னு காட்டுது. போட்டா உன் போனுக்குப் பொருந்தாதுன்னு சொல்லுது. டீச்சரம்மா வீட்டு வாசல்லதான் நிக்கறேன்."

"இன்னிக்கு எல்லாருக்கும் அப்படித்தான் அண்ணி. சர்வர்ல கோளாறு. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நாளைக்குச் சரியாயிடும்."

வியாழக்கிழமையும் அதே நேரத்துக்கு போன் வந்தது. "இன்னிக்கும் அதேதான் காட்டுது."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க அண்ணி. பொறுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரன், "அக்காவுக்கு ஒரு புது போன் வாங்கிக் கொடுத்துடலாமா? நாளைக்கே வாங்கிடறேன்" என்றான். "வீண் செலவு எதுக்கு? ரெண்டு நாள்ல சரியாகப் போறதுக்கு" என்று இவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். எண்ணை மாற்றியது ஒரு நொடி வேலை. இது அப்படியில்லை. இதற்கு மூன்று நாள் குரலைச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவும் அவளுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நாத்தனார் இரண்டு தடவை கூப்பிட்டாள். இவள் எடுக்கவில்லை. மூன்று நாளும் டீச்சரம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டு, வேலை செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள் நாத்தனார். ஆனால் அமுக்காத பட்டனுக்கு ஆள் வரவில்லை என்றுதான் அர்த்தம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கணக்கு மூடியது. அறுபத்து மூன்று கணக்குகளும் ஒரே நிமிஷத்தில் மூடின. டீச்சரம்மா வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் போய் மணி அடித்தாள்.

வீட்டுக்காரன் அன்றைக்கே போன் வாங்கிக்கொண்டு வந்தான். நாத்தனார் மறுபடி சேரப் பார்த்தாள். பிறந்த தேதியைப் போட்டதும் 'மன்னிக்கவும்' வந்தது. இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

"நீ சொன்னா சேர்த்துக்க மாட்டாங்களா?" என்றான் வீட்டுக்காரன்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. அக்கான்னு நான் போய் நிக்க முடியுமா?"

அடுத்த மாதம் நாத்தனார் தன் அறையைக் காலி செய்துவிட்டு இரண்டு பைகளோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். வாஷிங் மெஷின் இருந்த சின்ன அறையில் ஒரு கட்டில் போட்டார்கள். மெஷின் ஓடும்போது கட்டிலும் சேர்ந்து நடுங்கும்.

இவள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்தது. நாத்தனார் குரலை இறக்கிப் பேசினாள். காப்பி கேட்பதற்கு முன்னால் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். டிவி சத்தத்தைத் தானாகவே குறைத்தாள். ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது, "சிங்க்கு ஓரமெல்லாம் பிசுக்கு நிக்குது அண்ணி, கொஞ்சம் பார்த்துத் தேயுங்க" என்று இவள் சொன்னாள். நாத்தனார் மறுபேச்சில்லாமல் மறுபடி தேய்த்தாள். அந்த முதுகைப் பார்த்தபடி இவள் ஒரு ஆப்பிளை நறுக்கி முழுசாகத் தின்று முடித்தாள். வெகுநாளைக்குப் பிறகு ருசித்துத் தின்றாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. நாத்தனார் தினமும் டீச்சர் வீட்டுக்குப் போன் செய்தாள். டீச்சரின் மகள் எடுப்பாள், சில நாள் எடுக்க மாட்டாள். "திருப்பிப் போட்டாங்களாம்மா? ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பணும். இடது பக்கம் தலகாணி வைக்கணும், அவங்களுக்கு அந்தப் பக்கம் எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும். அந்தப் பொண்ணுக்கு அது தெரியாது. காப்பி கொஞ்சம் ஆறட்டும், வாய் ஓரமா ஊத்தணும்." அந்தக் குரலை இவள் இதுவரை கேட்டதே கிடையாது. இந்த வாயிலிருந்து இப்படி ஒரு குரல் வரும் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்குச் சுவரைப் பிடித்து நடந்தவளுக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கொடுக்காத பெண், யாரோ ஒரு டீச்சருக்குக் காப்பி ஆற வேண்டும் என்கிறாள். செய்தது தப்பு என்று சில நாளாக மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எண்ணத்தை இந்தக் குரல் மிதித்து அழுத்திவிட்டது.

ஐந்தாவது வாரம் டீச்சரம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக மகள் சொன்னாள். படுக்கைப் புண். நாத்தனார் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "என் கையில ரெண்டு வருஷம் இருந்தாங்க. ஒரு கொப்புளம் கிடையாது" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, அறையிடம் சொன்னாள்.

ஆபீஸில் எல்லாம் நன்றாக நடந்தது. ஆப் ஓடும்போதே நின்று படுத்துக்கொள்வது பாதியாகக் குறைந்தது என்று மேனேஜர் திரையில் வரைபடம் காட்டினார். "லைப்ரேரியன் போட்ட ஒரே ஒரு எண். பழைய போன் எல்லாம் போனதுமே பாருங்க" என்றார். பதினாறு பேர் கை தட்டினார்கள். டப்பாக்காரர் தட்டவில்லை.

மீட்டிங் முடிந்ததும் தன் மேசைக்கு அவளைக் கூப்பிட்டார். டப்பாவிலிருந்து ஒரு போனை எடுத்து முன்னால் வைத்தார். அதில் ஆப் ஓடிக்கொண்டிருந்தது.

"என் மெஷின்ல பத்தொன்பதுன்னு மாத்திப் போட்டேன். ஒரு மாசமா ஓட விட்டிருக்கேன். ஒரு தடவை கூடப் படுக்கல. நீங்க சொன்ன ஓட்டையையும் தேடிப் பார்த்தேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

அவள் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"அனுமதி இல்லாம நிரல்ல கை வெச்சீங்கன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் சார்?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பயமும் இல்லை, கோபமும் இல்லை. வெகுநாள் பழகிய வீடு என்று நினைத்து வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று பார்க்கிறவரைப் போல இருந்தது.

"நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றார்.

அவள் சொன்னாள். நேரில் போய் அல்ல, நாலு வரி மெயில். மேனேஜர் அவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை, அதைவிட மோசமாக ஒன்றைச் செய்தார். கணக்கு மூடிய அறுபத்து மூன்று பேருக்கும் போன் செய்து, ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் நிரப்பச் சொன்னார். சோதனை மேசையிலிருந்து தூக்கி, படியோரத்தில் ஒரு நாற்காலியும் போனும் கொடுத்து உட்கார வைத்தார்கள். மூன்று நாள் போன் செய்தார். நாலாம் நாள் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாற்பத்தொரு பேரிடம் பேசியிருந்தார். யார் யாரோடு பேசினார் என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரன் இன்னும் வரவில்லை. நாத்தனார் கூடத்தில், நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

"உன் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் பேசினார். நல்ல மனுஷன். ஏம்மா வேலையை விட்டீங்கன்னு கேட்டார். நான் எங்க விட்டேன், உங்க ஆப்தான் என் போன்ல வரலன்னேன். உங்க போன்ல ஓடும்மா, நானே ஓட்டிப் பார்த்தேன், எங்க லைப்ரரி வேலை பார்க்கறவங்க ஒரு நம்பரை மாத்தினதுல அறுபத்து மூணு பேர் வேலை போச்சுன்னு சொல்லி அழுதுட்டார்."

இவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"லைப்ரரி வேலை பார்க்கறது நீதானே?"

"ஆமா."

"தெரிஞ்சுதானே மாத்தின?"

பொய் ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் திடீரென்று அவளுக்கு அது வேண்டாமென்று ஆகிவிட்டது. நாத்தனாருக்குத் தெரியட்டும். தெரிந்தால்தான் முழுசாகும்.

"தெரிஞ்சுதான். எனக்குக் கலைஞ்சுபோய் வந்த அன்னிக்கு, இந்தக் கூடத்துல பத்துப் பேர் முன்னாடி என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

இவள் சொன்னாள். வார்த்தை பிசகாமல் சொன்னாள். பதினொரு வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். சத்தமாகச் சொன்னபோது அது சின்னதாக இருந்தது.

நாத்தனார் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"சொல்லியிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள்.

வெளியே யாரோ கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரன் இல்லை, எதிர்வீடு.

"ஒண்ணு கேக்கறேன். என்னை மட்டும் தூக்கணும்னா, உங்க மேனேஜர்கிட்ட திருடினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே? நானா இருந்தா அதைத்தான் பண்ணியிருப்பேன். என்னோட போயிருக்கும். மூஞ்சிக்கு நேரா பண்ண உனக்குத் தைரியம் இல்ல. அதுக்காக இத்தனை பேரைச் சேர்த்து வாரிட்ட. அந்தம்மாவையும்."

நாத்தனார் திட்டவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. கடையில் மட்டமான துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துவைப்பவளைப் போல நிதானமாகப் பேசினாள்.

"உங்க தம்பிகிட்ட சொல்லப் போறீங்களா?"

"எதுக்கு? அவன் ரோஷக்காரன். உன்னை வெளியில போன்னுடுவான். அவன் சம்பளம் இந்த வீட்டு வாடகைக்கே போதாது. அப்புறம் நானும் அவனும் எங்க போறது?" நாத்தனார் காலை நீட்டிக்கொண்டாள். "நாளைக்கு லீவ் போடு. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

"நாளைக்கு முக்கியமான மீட்டிங்..."

"லீவ் போடுன்னேன்."

அவள் போனை எடுத்து அங்கேயே நின்றபடி லீவுக்கு எழுதினாள்.

வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். டீச்சரம்மா ஜன்னலுக்கு நேர் எதிரே கிடந்தாள். குழந்தைக்கு இருப்பதுபோலச் சின்ன உடம்பு. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நாத்தனாரைப் பார்த்ததும் ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது. நாத்தனார் கையைக் கழுவி வந்தாள். இவளையும் கழுவச் சொன்னாள்.

"தோளைப் பிடிச்சுக்கோ. உன் பக்கமா இழு. ம், இப்ப அப்படியே பிடி. விட்டா விழுந்துடுவாங்க."

இவள் பிடித்துக்கொண்டாள். டீச்சரம்மாவின் முகம் இவள் வயிற்றில் அழுந்தியது. அந்தப் பக்கம் நாத்தனார் துணியை மெல்லப் பிரித்தாள். வாடை முதலில் வந்தது.

"பாரு."

இவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காத, ஜன்னலைப் பார்க்காத. இங்க பாரு."

முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் ஒரு குழி. ஒரு ஆரஞ்சுப் பழத்தை அதில் வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். ஓரமெல்லாம் கறுத்து, உள்ளே மஞ்சளும் சிவப்புமாக, நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. நாத்தனார் பஞ்சை வைத்ததும் டீச்சரம்மா அலறினாள். வார்த்தையில்லாத அந்த அலறல் இவள் வயிற்றில் முட்டி அங்கேயே அடங்கியது. இவள் கையை விட முடியவில்லை. விட்டால் விழுந்துவிடுவாள்.

அதற்குப் பிறகு ஏழு சனிக்கிழமை போனார்கள். ஒவ்வொரு தடவையும் பிடித்துக்கொள்வது இவள் வேலை. எட்டாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் டீச்சரம்மா போய்விட்டதாக மகள் போன் செய்தாள். நாத்தனார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, வாஷிங் மெஷின் சத்தத்தில் தனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொல்லி, இவர்களுடைய படுக்கை அறையைக் கேட்டாள். வீட்டுக்காரன் தயங்கி இவளைப் பார்த்தான். இவள் எழுந்து போய்த் தலையணை உறைகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

ஆபீஸில் அந்த எண் இருபத்தொன்றாகவே இருந்தது. மற்ற அறுபத்திரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று அவள் தேடிப் பார்க்கவில்லை. வருஷக் கடைசியில் சம்பளம் கூட்டிக் கொடுத்தார்கள். அதை எப்படிச் செலவு செய்வது என்று நாத்தனார் சொன்னாள்.

வீட்டுக்காரனுக்கு மட்டும் ஏகப்பட்ட திருப்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூரத்து மாமா ஒருவர் போனில் பேசியபோது, காலை ஆட்டிக்கொண்டு சொன்னான்: "அதை ஏன் கேக்கறீங்க மாமா. ஒரு சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. அக்கா ஒரு வார்த்தை சொன்னா இவ மறுவார்த்தை பேச மாட்டா. கூடப் பொறந்தவங்க மாதிரி இருக்காங்க. இருங்க, இவகிட்ட கொடுக்கறேன்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"நல்லா இருக்கோம் மாமா" என்றாள். அதற்குமேல் அவள் ஏதாவது சொல்வதற்குள், நடு நாற்காலியிலிருந்து நாத்தனார் கையை நீட்டினாள். அவள் போனை அந்தக் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.